கோட்டோரம் நிற்க ஓர் ஆள்

அமீர் அலி பாய் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க எடுத்துக்கொண்டது மூன்று மாதம். தன் கால்பந்து அணிக்குக் கோட்டோரம் ஓடி ஆடுகிற ஒரு விங் ஆள் பார்க்க எடுத்துக்கொண்டது பதினைந்து வருஷத்துக்கு மேல். மாப்பிள்ளை நன்றாகவே அமைந்தார்.

பர்மாவில், எங்கள் அலோன் பேட்டையில், ஆற்றுத்துறைக்குப் போகும் ரோட்டில் பாய்க்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு கிட்டங்கிகள், நடுவில் சிமெண்டு போட்ட ஒரு நீள முற்றம். அந்த முற்றம்தான் எங்கள் பேட்டை அணிக்குப் பயிற்சி மைதானம். எண்பத்தெட்டாம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு திறந்த வெளியில் பத்துப் பேர் சேர்ந்து நின்றால் யார், எதற்கு என்று கேள்வி வந்தது. முற்றத்துக்குள் என்றால் சரக்கு இறக்குகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். கிட்டங்கிகளின் சொந்தக்காரச் சீனர் நல்ல மனுஷன். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: பந்து ஆள் உயரத்துக்கு மேலே எழும்பக் கூடாது, கூரை ஓடு உடைந்துவிடும். எங்கள் மாடி ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்குகிறவளின் கண் வேறெங்கே போகும்? ஆகவே பவுனம்மாளாகிய எனக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம்.

பேட்டை அணிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மழை விட்டு, ததிஞ்சுட் பண்டிகை விளக்குகளும் அணைந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லா அணித் தலைவர்களும் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். புதிதாக ஆட வந்திருக்கிற இளவட்டங்களை முறை வைத்து ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொள்வார்கள். இதற்கு ஆள் எடுப்பு என்று பெயர். போன தடவை கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அதனால் பாய்க்குப் பெரும்பாலும் முதல் வாய்ப்புதான். அவரும் ஒவ்வொரு முறையும் விங் ஆளைத்தான் எடுப்பார்.

காரணம் நசீர். பாயின் அக்கா மகன், டாக்சி ஓட்டுகிறவன். நடுவில் நின்றுகொண்டு தரையோடு தரையாக எந்த மூலைக்கும் பந்தை அனுப்புவான். விலாசம் தப்பாது. விலாசத்தில்தான் ஆள் இருப்பதில்லை.

ஆள் எடுக்காமலா? முஜிபுர் ரஹ்மானை எடுத்தார்கள். வந்த புதிதில் அவன் கோட்டோரமாக ஓடினால் ஈரத் துணி காய்ந்துவிடும், அவ்வளவு காற்று. ஒரு மழைக்காலம் முற்றத்தில் பயிற்சி எடுத்தான். அதற்கப்புறம் பெரிய மைதானத்தில் பந்தை வெளியே தட்டிவிட்டு, உள்ளே வந்து நின்று, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி காத்திருப்பான். பிறகு மலேசியா போனான். அங்கே கார் கழுவுகிறானாம். அடுத்து பர்கத்துல்லா. அவன் இன்னும் வேகம். அவனும் அதே மழைக்காலம், அதே முற்றம், அதே காத்திருப்பு. இன்னும் சில பேர் வந்தார்கள், போனார்கள், எனக்கே பெயர் குழம்புகிறது. பாய் கண் திருஷ்டி என்றார். வெற்றிலை என்றார். டீக்கடை டிவியில் வெள்ளைக்காரன் ஆட்டத்தைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்றார். டீக்கடைக்கு அவர்களை அழைத்துப் போகிறவர் அவரேதான் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் விஷயம் முற்றியது. மூன்று முறை தொடர்ந்து கடைசியாக வருகிற அணியின் இடம் போய்விடும் என்று தலைவர்கள் கூடி விதி போட்டார்கள். அந்த இடத்துக்குக் கெமண்டைன் பேட்டைக்காரர்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அலோன் ஏற்கெனவே இரண்டு முறை கடைசி. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, கயிறு தானாகவே விற்கிறது. இந்த அணியும் போனால் சாயங்காலங்களில் அமீர் பாய் என்ன செய்வார் என்று எனக்கே கவலையாக இருந்தது. பாயின் பெண்டாட்டி கமருன்னிசாவுக்கு வேறு கவலை.

"வீட்டுலயே உக்காந்துக்குவாரேக்கா," என்றாள். "உக்காந்து என் சமையலுக்குப் பயிற்சி கொடுப்பாரு."

அந்த வருஷ ஆள் எடுப்பில் பாய் கியாக்தானிலிருந்து வந்த சசிகுமாரை எடுத்தார். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. ஆற்று நடுவில் இருக்கிற புத்தர் கோயிலுக்கு ஆட்களைப் படகில் கொண்டுபோய் விடுவது தொழில். தமிழ் புரியும், பேசினால் பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவான். வற்றின ஆற்றங்கரைச் சேற்றில் ஓடி வளர்ந்த கால்.

பெயரைச் சொன்னதும் தின்கன்ஜூன் அணியின் துரைசாமி வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நசீர் அங்கே இருந்தான், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"பாய், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இவனையாச்சும் அந்த முத்தத்துக்குள்ள போட்டு அடைக்காதீங்க."

"ஏன் ஸயா, முத்தத்துக்கு என்ன?" வாத்தியார்களை இங்கே ஸயா என்றுதான் கூப்பிடுவோம்.

"ரெண்டு பக்கமும் செவுருங்க. உங்க ஆளுங்க செவுத்துல தட்டுனா பந்து திரும்பி வரும்னு பழகிட்டாங்க. எங்க மைதானத்துலயும் தட்டிட்டு நிக்கிறாங்க. நாங்க போயி எடுத்துக்குறோம். இத்தன வருஷமா எடுத்துக்குறோம்."

டீக்கடையே சிரித்ததாம். ஆக, மற்ற எல்லா அணிக்கும் இது தெரியும். வாய்க்கு வாய் பேசிச் சிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் ஒரு விஷயம் இந்த ஊரில் இத்தனை வருஷம் உலவியது என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் பாய் தனியாக முற்றத்துக்கு வந்தார். சுவரில் பந்தை உதைத்தார். அவர் காலுக்கே திரும்பி வந்தது. மறுபடி உதைத்தார், மறுபடி வந்தது. பிறகு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்தார். கமருன்னிசா கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

மறுநாள் முடிவு வந்தது. சசிகுமார் முற்றத்தில் காலே வைக்கக் கூடாது. கியாக்தானிலேயே இருக்க வேண்டும், ஆற்றங்கரையிலேயே ஓட வேண்டும். நசீர் ஓய்வு நாளில் டாக்சியை எடுத்துக்கொண்டு அங்கே போய் அவனுக்குப் பந்து போட்டுவிட்டு வர வேண்டும்.

"மாமா, மொத்த அணியும் அங்க போகலாமே," என்றான் நசீர்.

"அத்தன பேரும் உன் டாக்சில ஏறுவாங்களா?"

"முட்டி வேற வலிக்குது மாமா."

"பந்து போடுறதுக்கு எதுக்குடா முட்டி? ஒரே எடத்துல நின்னு போடு."

நசீர் போனான். புலம்பிக்கொண்டே போனவன், சில வாரங்களில் புலம்பாமல் போனான். ஒருநாள் தார்ப்பாய் வாங்கப் போன சாக்கில் கேட்டேன்.

"எப்படிப்பா இருக்கான் உங்க கியாக்தான்காரன்?"

"அக்கா, நான் போடுற எடத்துல இருக்கான்," என்றான். கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அவன் பெண்டாட்டியும் பார்த்ததில்லை என்றுதான் சொன்னாள்.

ஆட்டங்கள் தொடங்கின. சசிகுமார் நிஜமாகவே கோட்டை விட்டு நகரவில்லை. நசீர் அனுப்புவான், அவன் எடுப்பான், தடுக்க வருகிறவனைத் தாண்டுவான், மூலை வரை போவான், அங்கிருந்து கோலுக்கு முன்னால் அழகாகத் தூக்கிப் போடுவான். போட்ட பந்து கோலுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபக்கம் வெளியே போகும். ஏதோ நேரம் சரியில்லை என்றார் பாய். அடுத்த ஆட்டத்திலும் நேரம் சரியில்லை. இரண்டு ஆட்டங்களில் நசீரே தொலைவிலிருந்து கோல் போட்டதால் கடைசி இடம் இன்னும் முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கடைசி ஆட்டம், துரைசாமி வாத்தியார் அணியோடு. சமனாக முடித்தால் போதும், அலோன் தப்பிக்கும். தோற்றால் இடம் போகும். கமருன்னிசா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லைன் கார் பஸ்ஸில் ஏறிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஆட்டம் பார்க்கப் போனது அன்றுதான் முதல் தடவை.

வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி ஆட்டத்துக்குள் தின்கன்ஜூன் ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு பந்து முழுவதும் நம் ஆட்கள் காலில்தான். சசிகுமார் மூலைக்குப் போனான், தூக்கிப் போட்டான். மறுபடி போனான், மறுபடி போட்டான். கோலுக்கு முன்னால் தங்கவேலு நின்றுகொண்டிருந்தான். துறையில் மூட்டை தூக்குகிறவன், நாலு பேர் தள்ளினாலும் அசையாதவன், காலுக்குப் பந்து வந்தால் கோல்காரனையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவான். ஆனால் தலைக்கு மேலே வருகிற பந்தை, கப்பலில் சரக்கு இறங்குவதைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பந்து நேராக வந்தபோது குனிந்துவிட்டான்.

"தங்கவேலு, தலைய குடுடா," என்று பாய் கோட்டோரம் ஓடினார்.

"பாய், மேல வருது பாய்."

"மேல வர்றதத்தான்டா தலைல வாங்கணும்."

"வாங்கிப் பழக்கமில்ல பாய்."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆள் உயரத்துக்கு மேல் பந்து எழும்பாத இடத்தில் வளர்ந்த அணி அது. விங் ஆள் இல்லை, விங் ஆள் இல்லை என்று இவ்வளவு காலம் தேடினார்கள். அந்த ஆள் ஒருநாள் வந்து ஒழுங்காகப் பந்தைத் தூக்கிப் போட்டால் அதை வாங்க எவனும் கற்றுக்கொள்ளவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பாய் ஓடுவதை நிறுத்தினார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சசிகுமார் திரும்பத் திரும்ப அந்த மூலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னக்கா, நின்னுட்டாரு," என்றாள் கமருன்னிசா.

"களைச்சிருப்பாரு."

"இவரா? இவரு களைச்சு நான் பாத்ததில்லையே."

கடைசியில் ஒரு பந்து வந்தது. தங்கவேலு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எம்பினான். என்னையறியாமல் நானும் எழுந்து நின்றுவிட்டேன். பந்து அவன் பிடரியில் பட்டுக் கம்பத்துக்கு மேலே போனது. விசில் ஊதிவிட்டார்கள். பிடரியைத் தடவிக்கொண்டே "பட்டுச்சு பாய், இந்தத் தடவ பட்டுச்சு," என்றான் தங்கவேலு. பாய் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். திட்டவில்லை.

கெமண்டைன்காரர்கள் அங்கேயே வந்திருந்தார்கள். சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்கள், பாவம், முடியவில்லை.

ஆட்கள் கலைகிறபோது துரைசாமி வாத்தியார் வந்தார். இந்த முறை கேலி இல்லை.

"பாய், உங்க அணி இல்லன்னு ஆயிருச்சு. அந்தப் பையன் வர்ற வருஷம் ஆள் எடுப்புல நிக்கணும். யாரு கைக்குப் போவான்னு தெரியாது. நீங்க இப்பவே விட்டுக் குடுத்தா எங்ககிட்ட வந்துருவான். தலைவருங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

நசீர் திரும்பிக்கொண்டான். சசிகுமார் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க நடுவாளு தலைல அடிப்பானா ஸயா?" என்று கேட்டார் பாய்.

"அடிப்பான்."

"கண்ணத் தொறந்துக்கிட்டு?"

"கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் பாய்."

"எங்க வச்சுப் பயிற்சி?"

"இதே மைதானம்தான். எழுதிக் குடுத்து அனுமதி வாங்கி வச்சிருக்கோம்."

பாய் அந்த மைதானத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு சசிகுமாரைக் கூப்பிட்டுப் பர்மியத்தில் ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான், அப்புறம் வேகமாக இல்லை இல்லை என்று ஆட்டினான். பாய் அவன் முதுகில் கை வைத்து வாத்தியார் பக்கம் தள்ளினார். லேசாகத்தான் தள்ளினார். பையன் இரண்டெட்டுப் போய் நின்று திரும்பிப் பார்த்தான். பாய் அதற்குள் தங்கவேலுவின் பிடரி வீங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

லைன் காரில் எங்களுக்கு இடம் கிடைத்தது, பாய்க்குக் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். பாதி வழியில் கமருன்னிசா நகர்ந்து, என்னையும் நெருக்கி, ஓர் ஆள் உட்காரும்படி இடம் விட்டாள்.

"உக்காருங்க," என்றாள்.

"இல்ல, பரவால்ல."

"நாள்பூரா நின்னீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அத்தனை பேர் பார்க்கிற வண்டியில் என்று அவள் கூச்சப்படுவாள், எழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுப்பவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தபோதும் கண்டக்டரிடம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறோம் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு முட்டி வலி. இருந்தாலும் நடந்தேன்.