சகரத்தில் ஒரு விசில்

ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் அந்த அம்மாள் மூன்று மாதமாக ‘ச’ வரும் சொற்களைத் தவிர்த்துக்கொண்டிருந்தாள். தாளில் “சென்று சேரும்” என்றிருந்தால் “போகும்” என்பாள். “சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்பதை “மன்னிக்கவும்” என்று சுருக்கிவிட்டாள். மீறி ஒரு ‘ச’ வாயில் வந்துவிட்டால் கூடவே மெல்லிய விசிலும் புறப்பட்டது. ஒலிபெருக்கி அதை ஆறு நடைமேடைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

“உனக்குத்தான் கேக்குது. வேற யாருக்கும் கேக்கல,” என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். முகம் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் குரல் சோதனை என்று புது அதிகாரி சொன்ன அன்றே பல் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் சின்னப் பெண். ஒரு மரக்குச்சியைக் குறுக்கே கடிக்கச் சொல்லிக் கண்ணாடியை நீட்டினாள். கண்கள் இரண்டும் நேராகத்தான் இருந்தன. குச்சி இடப்பக்கம் இறங்கியிருந்தது.

“இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்ல எப்பம்மா எடுத்தீங்க?”

“பன்னெண்டு வருஷம் இருக்கும்.”

“அந்தக் காலி இடத்துக்கு மேல்பல்லு இறங்கி வந்துடுச்சு. வலது பக்கமே மென்னு மென்னு அங்க தேஞ்சுபோச்சு. வயசாக ஆக முன்பல்லும் நகர்ந்து நீண்டிருக்கு, அந்தச் சந்துலதான் காத்து விசிலடிக்குது. கடிக்கிற வரிசையே சாஞ்சிருக்கு. சரி பண்ணலாம், ஒரு வருஷம் ஆகும்.”

“திங்கக்கிழமைக்குள்ள முடியாதா?”

டாக்டர் சிரிக்கவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். யார் கண்ணிலும் படாத மூலையில் கிடந்த ஒற்றைப் பல், இத்தனை வருஷம் பொறுத்திருந்து பழிவாங்கும் என்று யார் கண்டது?

ஞாயிறு மத்தியானம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நகம் ராவும் அரத்தை எடுத்து, நீண்டிருந்த முன்பல்லில் வைத்தாள். மண்டைக்குள் கரகரத்தது. நாக்கில் மாவு படிந்தது. “ச, சா, சி,” என்று சொல்லிப் பார்த்தாள். விசில் போகவில்லை. இன்னும் கொஞ்சம் ராவினாள்.

“உள்ள என்ன பண்ற இவ்ளோ நேரம்?”

“பல்லு தேய்க்கிறேன்.”

பொய்யும் இல்லை. வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஊசியாக இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அறிவிப்பு அறையில் அதிகாரி தாளைக் கையில் கொடுத்தார். “எழுதியிருக்கறத அப்படியே படிங்கம்மா. மாத்தாதீங்க.”

முதல் சொல்லே ‘சற்று’. அவள் பொத்தானை அழுத்தினாள். மணி ஒலித்தது. மூச்சை உள்ளே இழுத்ததும் காற்று பல்லில் பட்டுக் கண்ணில் நீர் முட்டியது. கண்ணாடிக்கு அப்பால், நடைமேடையில், மூட்டைகளுக்கு நடுவே நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையை உயர்த்தினார்கள். ஒரு கிழவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.