பிப்ரவரி நீர்வீழ்ச்சி

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்தேன். ஹாலில் விழுந்துகொண்டிருந்த நீர்வீழ்ச்சியைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினேன். ஆறாவது தீக்குச்சிதான் பற்றியது. காபி கலந்தேன். குடிப்பதற்குள் டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர் ஏறிவிட்டது. குடித்தேன்.

இகுவாசு நீர்வீழ்ச்சி. பாதி பிரேசில், பாதி அர்ஜென்டினா. என் வீட்டில் பாதி ஹால், பாதி சமையலறை.

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். சுவரில் எந்தக் காலண்டர் தொங்குகிறதோ அதன் படம் அந்த மாதம் முழுக்க வீட்டில் இருக்கும். முதல் தேதி பக்கத்தைத் திருப்பினால் போய்விடும். அடுத்தது வரும். செயலாளர் ஞானப்பிரகாசம் சார் வீட்டில் வங்கிக் காலண்டர். இப்போது அங்கே சீனப் பெருஞ்சுவர். அவர் மனைவி அதில் வடகம் காயவைக்கிறார்.

எங்களுடையது ஜவுளிக்கடையில் கொடுத்தது. உலகின் அழகிய இடங்கள், மாதத்துக்கு ஒன்று. என் மனைவி சிந்துஜாதான் திருப்புவாள். அவள் இறந்தது மார்ச் நான்காம் தேதி. இப்போது செப்டம்பர். காலண்டரில் இன்னும் பிப்ரவரி.

ஏழரைக்கு அழைப்பு மணி அடித்தது. செயலாளர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு."

"இருக்கு சார்."

"உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. ஆனா கீழ்வீட்டு சீலிங் ஒழுகுது. மாடிப்படியைப் பாத்தீங்களா?"

பார்க்காமல் இருக்க முடியாது. உள்ளே இடமில்லாமல் மற்ற மாதங்கள் வெளியே காத்திருக்கின்றன. மார்ச் மாதத்துப் பெட்ரா, பாறையில் குடைந்த தூண்களோடு, என் கதவுக்கு எதிரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. ஏப்ரலின் பைசா கோபுரம் நூர்ஜஹான் அக்கா வீட்டுக் கதவில் சாய்ந்துவிட்டது. ஐந்து மாதமாக அவர் பால்கனி வழியாகத்தான் வந்துபோகிறார். மே மாத உப்புப் பாலைவனம் கார் நிறுத்துமிடத்தில் பரவிக் கிடக்கிறது. வண்டிகளெல்லாம் துருப்பிடித்துவிட்டன. ஜூலையின் பனியாறு மொட்டை மாடியில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் யாரும் புகார் சொல்லவில்லை.

"ஒரு பக்கம். ஒத்த விரல் வேலை. நான் திருப்பட்டுமா?"

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"பென்சில்ல எழுதியிருக்கு."

அது உண்மை. பிப்ரவரிக் கட்டங்களில் சிந்துஜா எழுதியிருக்கிறாள். நான்காம் தேதி, பால் வேண்டாம். ஒன்பது, சிலிண்டர். இருபத்திரண்டு, தலைவலி. இருபத்தைந்து, தலைவலி. இருபத்தாறு, தலைவலி, மாத்திரை. இருபத்தெட்டில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

செயலாளர் நோட்டீஸ் கொடுத்தார். பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருக்க மாலை ஐந்து மணிக்குள் விலக்குச் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மாத மாற்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து திருப்பிவிடுவார். பழைய பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டும் போய்விடுவார்.

"படிச்ச பிள்ளை. நான் சொல்லித் தெரியணும்னு இல்ல," என்றார் செயலாளர். "போறப்ப அந்தக் கோபுரத்தையும் கூட்டிட்டுப் போங்க. அந்தம்மா ஒரு நாளாவது கதவத் திறந்து பாக்கட்டும்."

கோபுரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்தது. வழி முழுக்க என் மேல் சாய்ந்தே வந்தது. சிக்னலில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார்.

"பின்னாடி உக்காந்திருக்கறதுக்கு ஹெல்மெட் எங்க?"

"எட்டு மாடி சார். எந்த மாடிக்குப் போடறது?"

"ரூல்ஸ் தெரியாதா? மேல் மாடிக்கு."

வாங்கி மாட்டிவிட்டேன். தொப்பி வைத்த குழந்தை மாதிரி இருந்தது. எரிச்சலாக வந்தது.

அலுவலக வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். அதில் பிப்ரவரி 31 என்று இருந்தது. பலகையில் பிப்ரவரி 29 ஓடிக்கொண்டிருந்தது. அதிக நேரம் ஆகாது என்றார் காவலாளி.

உள்ளே ஒரே ஒரு தாழ்வாரம். அதன் கடைசியில் ஒரு கவுண்டர். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. பாதி வழியில் மதிய உணவு இடைவேளை எதிரே வந்தது. சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டேன். அது எங்களைக் கடந்துபோக ஒரு மணி நேரம் ஆயிற்று.

நாலேகாலுக்குக் கவுண்டரை அடைந்தோம். செண்பகவல்லி என்று பெயர்ப்பலகை இருந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இறப்புச் சான்றிதழ்?"

கொடுத்தேன்.

"நீங்க இருக்கறதுக்குச் சான்றிதழ்?"

"நானே வந்திருக்கேனே மேடம்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. சரி, கூட வந்தவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

கோபுரம் போட்டது. கோட்டுக்கு வெளியே போய்விட்டது. மேடம் உச்சுக்கொட்டினார்.

படிவத்தில் முதல் ஆறு கட்டங்கள் சுலபமாக இருந்தன. ஏழாவது கட்டம்: இறந்தவர் கடைசியாகச் சொன்னது.

'என்னைப் பற்றிக் கவலைப்படாதே' என்று எழுதினேன். சிந்துஜாவின் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவர் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி அழுதார்.

மேடம் மேசை டிராயரைத் திறந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். அதிலும் அதே வாக்கியம்.

"தினம் முப்பது பேர் இத எழுதறாங்க. கை வலிக்குமேன்னு நாங்களே செஞ்சு வச்சுட்டோம். வேற படிவம் எடுங்க."

'சந்தோஷமாக இரு' என்று எழுதினேன். நண்பர்களிடம் சொன்னது. அதற்கும் ஸ்டாம்ப் இருந்தது. கொஞ்சம் பெரிய ஸ்டாம்ப்.

"சார், மணி அஞ்சாகப் போகுது. நிஜமா என்ன சொன்னாங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம்."

"பெருசா வேணும்னு நான் கேட்டனா?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல."

"கட்டம் சின்னதுதான். எழுதுங்க."

மார்ச் மூன்றாம் தேதி காலை நான் அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். பச்சை நைட்டி, சீப்பு, சார்ஜர் என்றாள். காலண்டரைத் திருப்பினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கு அவள் ஒன்று சொன்னாள். ஸ்கேனுக்கு நேரமாகிவிட்டது என்று நர்ஸ் போனை வாங்கிக்கொண்டார். நான் நைட்டியோடு போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை.

அவள் சொன்னதை எழுதினேன்.

மேடம் படித்தார். மறுபடி படித்தார்.

"இது கேள்வியாச்சே."

"ஆமாம் மேடம்."

"பதில் சொன்னீங்களா?"

"நர்ஸ் போனை வாங்கிட்டாங்க."

"ஆறு மாசமா ஒரு கேள்விய அப்படியே போட்டு வச்சிருக்கீங்க. படிச்சவங்களே இப்படி." பேனாவை நீட்டினார். "பக்கத்துலயே எழுதுங்க. ஆமாவா, இல்லையா?"

'இல்லை' என்றால் வீட்டுக்குப் போய் நானே திருப்ப வேண்டும். யோசித்தேன். முதுகுக்குப் பின்னால் தாழ்வாரம் இன்னும் ஓர் அடி நீண்டது.

'ஆமாம்' என்று எழுதினேன்.

மேடம் முத்திரை குத்தினார். "இனிமே வேற யாரும் அதத் தொடக் கூடாது. நீங்களும்தான்."

வீட்டுக்குத் திரும்பியதும் கோபுரம் நேராக நூர்ஜஹான் அக்கா வீட்டுக் கதவுக்குப் போய்ச் சாய்ந்தது. ஹெல்மெட் இடித்தது.

"வந்துட்டியா, சனியனே," என்றார் அக்கா உள்ளேயிருந்து. "கொஞ்சம் தள்ளித்தான் சாயேன்."

செயலாளர் என் வீட்டு வாசலில் அதே குடையோடு நின்றுகொண்டிருந்தார். சான்றை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எதையும் அவர் உரக்கத்தான் படிப்பார். என் பெயரைப் படித்தார். விலாசத்தைப் படித்தார். ஏழாவது கட்டத்தில் நிறுத்தி, பக்கத்தில் நான் எழுதியிருந்த 'ஆமாம்' என்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார். பிறகு, படியில் காத்திருந்த மாதங்களுக்கெல்லாம் கேட்கும்படி, சிந்துஜாவின் குரலில் அன்று இருந்த அதே சலிப்போடு படித்தார்.

"மாசம் பொறந்து மூணு நாளாச்சு. அதத் திருப்பறதுக்குக்கூட நான்தான் வரணுமா?"