தொட்டிக்குத்தான் சீக்கு

கிழக்கு வெளுக்கும் முன்பே அன்னக்கொடி தொடையளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, வலக்கையில் சுற்றிய பழந்துணி. எதிரே மொக்கையன் வலையின் மறுமுனையைப் பிடித்து, தங்கமீன் கூட்டத்தைத் தொட்டியின் மூலைக்கு நெருக்கிக்கொண்டு வந்தான். வெயில் ஏறினால் மீன் திணறும். அதற்குள் பிடித்து, பையில் கொஞ்சம் தண்ணீரும் நிறைய ஆக்சிஜனும் அடைத்து, ரப்பர் பேண்டை முறுக்கிக் கட்டி வேனில் ஏற்ற வேண்டும். கட்டுகிறவள் ஷெரின், பிளஸ் டூ முடித்த பெண். தொட்டி கழுவுகிற பிளீச்சிங் பவுடரும், மீனுக்குப் போடுகிற கல்லுப்பும் ஊதா மருந்தும் எல்லார் கையிலும் போட்டி போட்டு வெடிப்பு வைத்திருந்தன.

மதுரை ஒத்தக்கடை தாண்டி உள்ளே இறங்கினால் இந்த வண்ணமீன் பண்ணை. முதலாளி முத்துப்பாண்டி. நான் ஞானசீலன், மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவன். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீரில் இறங்க மாட்டேன். மார்கழியில் ஒருநாள் விரலை மட்டும் விட்டுப் பார்த்தேன். விரலை உடனே எடுத்துவிட்டேன். உணர்ச்சி பங்குனியில்தான் வந்து சேர்ந்தது.

பெங்களூரில் மொத்தமாக வாங்குகிற கம்பெனி, பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தால்தான் இனி மீன் எடுப்போம் என்றது. முதலாளிக்கு உடனே கல்வியின் மேல் பற்றுப் பிறந்தது. பேனர் கட்டினார். மீன்வளம் படித்த பவதாரிணியை அழைத்து வந்தார். எங்களை வாடகை நாற்காலிகளில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார். எடுத்து முடிந்ததும் நாற்காலிகள் கடைக்குத் திரும்பிப் போயின. மீதிக் கல்வியை நின்றபடி கற்றோம்.

"உலர்ந்த கையால மீனைத் தொடாதீங்க. மேல இருக்கிற வழவழப்புத்தான் அதுக்குச் சட்டை," என்றாள் பவதாரிணி. முழங்கை வரை கையுறை போட்டிருந்தாள். "வாலைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது. கையை நனைச்சு வயித்தைத் தாங்கணும். ஈரத்துணியால கண்ணை மூடினா அடங்கிடும்."

"தீவாளிக்குத் துண்டு குடுத்து எங்களுக்கும் மொதலாளி அப்படித்தான் டீச்சர் பண்ணுவாரு," என்றான் மொக்கையன்.

மீனின் மேலிருந்து கொஞ்சம் வழவழப்பைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். மொக்கையன் குனிந்து பார்த்தான்.

"ஒருத்தன் வட்டமா சுத்திக்கிட்டே இருக்கான் டீச்சர். மாட்டுத்தாவணியில பஸ் தேடுறவன் மாதிரி."

"அதான் ஒட்டுண்ணி, அண்ணே."

நானும் பார்த்தேன். அது என்னைக் கண்டதும் நின்றது. எங்கேயோ பார்த்த முகம் என்று யோசித்துவிட்டு மறுபடி சுற்றப் போய்விட்டது.

கடைசியாக, மெலிந்து நிறம் வெளிறிய ஒரு கெண்டையைத் தட்டில் கிடத்தினாள். விலாவில் புண்.

"இது மாசக்கணக்கா உள்ளயே இருக்கிற சீக்கு. ஒரு மீனுக்குப் புண் தெரிஞ்சா அதுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. சீக்கு தொட்டிக்கு. அந்தத் தண்ணியில கிடந்த எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுப் பாக்கணும்."

அன்னக்கொடி முன்னால் வந்தாள். துணியை அவிழ்த்துத் தன் வலக்கையை அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல் முட்டியில் ஆறாத புண். அங்கிருந்து மணிக்கட்டைத் தாண்டி முழங்கையை நோக்கிக் கட்டிகள் வரிசையாக ஏறியிருந்தன.

"இதையும் பாருங்க டீச்சர். மஞ்சப் பத்துப் போட்டும் ஆறல."

பவதாரிணி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, மீனைப் பிடித்ததைவிட மெதுவாக அந்தக் கையைப் பிடித்தாள்.

"நான் மனுசங்களுக்கு டாக்டர் இல்லக்கா. ஆனா மீன் தண்ணியிலருந்து காயம் வழியா கைக்கு வர்ற சீக்கு ஒண்ணு இருக்கு. பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாருங்க. மீன் பண்ணையில வேலைன்னு மறக்காம சொல்லுங்க. அதுதான்னா, சில மாசம் மாத்திரை சாப்பிட்டாக் குணமாயிடும். விட்டா மூட்டுக்குள்ள இறங்கி விரல் மடங்காமப் போயிடும்."

"பக்கத்துல நிக்கிறவங்களுக்கு ஒட்டுமா?"

"ஆளுக்கு ஆள் ஒட்டாது. தண்ணியிலருந்துதான் வரும். அதுக்குத்தான் கிளவுஸ்."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் போனில் எங்களுடைய போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியலில் அவரே கேட்டில் நின்றார்.

"அன்னக்கொடி, நீ வீட்டுக்குப் போ. இன்னைக்குக் கம்பெனி வேன் வருது. இந்தக் கையைப் பாத்தா எவன் மீன் எடுப்பான்? சரியானப்பறம் பாப்போம்."

"ஆஸ்பத்திரிக்குப் போறேன் மொதலாளி. அம்புட்டு மாசமும் சம்பளம் உண்டுல்ல?"

"மீன் புடிக்காமச் சம்பளமா?"

"திரும்பி வந்தா வேலையாச்சும்?"

"பாப்போம்னேன்ல."

மொக்கையன் வலையைக் கீழே வைத்தான். "சீக்கு மீனுக்குத் தனித் தொட்டி, மருந்து, ஓய்வு. மதினிக்கு மட்டும் ரோடா?"

"மீனை வித்தா காசு வரும்யா. உங்களை வித்தா என்ன வரும்?"

"போலீஸ் வரும்."

"விடுங்க கொழுந்தனாரே," என்றாள் அன்னக்கொடி. "என்னால உங்க பொழப்பும் கெட வேணாம். நான் போறேன்."

அவள் திரும்பி நடக்க, ஷெரின் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நில்லுங்கக்கா. சார், நாங்களும் அதே தண்ணியிலதான் கிடந்தோம். ஒண்ணுக்குப் புண்ணுன்னா தொட்டியையே ஒதுக்கணும்னு நேத்துத்தான் படிச்சோம். நீங்கதான் படிக்க வச்சீங்க. எல்லாரும் ஒதுங்கிக்கிறோம். அக்காவுக்குக் குணமாகுற வரைக்கும் சம்பளம் உண்டு, வேலையும் உண்டுன்னு சொல்லுங்க. எங்க எல்லாருக்கும் கிளவுஸ் குடுங்க. வாரோம்."

புதிதாக வரும் மீனைத் தனியே வைத்துப் பார்க்க ஒரு கொட்டகை உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அதற்குக் குவாரண்டைன் என்று பெயர். எல்லாரும் அதற்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

"கிளார்க்கையா, நீங்க எதுக்கு? உங்க மேல தண்ணியே பட்டதில்லையே," என்றார் முதலாளி.

"மார்கழியில விரலை விட்டேன் சார்."

மோட்டாரை நிறுத்திவிடுவேன் என்று பயந்தார் போல. நிறுத்தவில்லை. மீன்கள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. காற்று ஓடியது, வேளைக்குத் தீனி விழுந்தது. பிடிப்பதும் கட்டுவதும்தான் இல்லை. கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

முதலாளி தானே தொட்டியில் இறங்கினார். உலர்ந்த கை, வாலைப் பிடித்த பிடி. பிடிபட்ட கெண்டை அவருடைய வலக்கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு, மறு கன்னத்தையும் காட்டுவார் என்று கொஞ்சநேரம் காத்திருந்தது. இதற்குச் சாட்சிகள் உண்டு. எல்லாரும் தொட்டிக்குள் இருக்கிறார்கள்.

நனைந்த சட்டையோடு யாருக்கோ போன் போட்டார். வெயில் உறைக்கும் நேரத்தில் ஆனையூர்ப் பக்கமிருந்து ஒரு மினி லாரி நிறையப் பெண்கள் வந்தார்கள்.

"ஊருல ஆளுக்கா பஞ்சம்?" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அன்னக்கொடி எழுந்து லாரிக்குப் போனாள். "எறங்க வேணாம்னு சொல்லல தாயி. இதைப் பாத்துட்டு எறங்குங்க," என்று துணியை அவிழ்த்தாள்.

முன்னால் நின்ற பெண் முத்துமீனா. அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும் அடுப்பெரியணும்க்கா."

"என் வீட்டுலயும் எரியணும். அதான் உள்ள உக்காந்திருக்கேன்."

முத்துமீனா முதலாளியிடம் திரும்பினாள். "கிளவுஸ் எங்க சார் இருக்கு?"

"மொதல்ல தண்ணியில எறங்கு. பெறகு பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' ஆனையூரிலும் தெரிந்த சொல்தான் போலிருக்கிறது. முத்துமீனா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொட்டியைத் தாண்டி, நேரே கொட்டகைக்கு வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் லாரியை விட்டு இறங்கி வந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள் ஷெரினிடம்.

முதலாளி இதுவரை எதற்கும் சரி சொல்லவில்லை. வேன் காலியாகத்தான் நிற்கிறது. நாங்கள் ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்ததில், கடைசியில் இருந்த நான் கூரையை விட்டு வெளியே வந்துவிட்டேன். மதுரையின் உச்சி வெயில் இன்றைக்கு இதமாக இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இடம் இருக்கிறது.