வெங்காயம் வைத்த ஓட்டுப்பெட்டி

எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் ஓட்டுப்பெட்டியில்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சமையற்கட்டில் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நீல பெயின்ட் அடித்த தகரப்பெட்டி. மேலே சீட்டுப் போட ஒரு கீறல், பக்கத்தில் பூட்டாமல் தொங்கும் பூட்டு, முகப்பில் ‘குடியிருப்போர் நலச்சங்கம்’ என்ற எழுத்து. கீறல் வழியாகக் காற்று போவதால் வெங்காயம் அழுகுவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரர் பெனடிக்ட்தான் காரணம். நெய்வேலி நகரியத்தில் எங்கள் பிளாக் சங்கத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தபோது அவர்தான் தேர்தல் அதிகாரி. பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த தேர்தலுக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. அந்த அடுத்த தேர்தல்தான் வரவே இல்லை. முதலில் கொரோனா என்று தள்ளிவைத்தார் தலைவர் பன்னீர்செல்வம். கொரோனா போனது, புயல் என்றார். புயல் போனது, பொங்கல் விழா என்றார். அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று ஓடியாடிச் செய்தவர்தான். நாற்காலி பழகியதும் ஆள் மாறிப்போனார். சமுதாயக் கூடத்துச் சாவி அவர் பையில். கேள்வி கேட்டவர் வீட்டுக் காதுகுத்துக்குக் கூடம் கிடைக்காது. சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் அவர் மட்டும்தான் எழுதலாம். நாங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டலாம். காட்டாவிட்டால் ஏன் காட்டவில்லை என்று ஃபோன் வரும்.

இத்தனைக்கும் நடுவே என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசை முடிந்து வந்து பெட்டியைத் துடைப்பார். பூட்டுக்கு எண்ணெய் விடுவார். அதன் சாவி அவர் கழுத்தில், மாதா படம் வைத்த உத்தரியக் கயிற்றோடு தொங்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒட்டடை அடிக்கக் கூப்பிட்டால் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த அசதி என்பார். பெட்டி துடைக்க மட்டும் அசதியே கிடையாது. ஒருநாள் கோபத்தில், திறந்து வைத்திருந்த பெட்டிக்குள் சந்தையில் வாங்கிவந்த வெங்காயத்தைக் கொட்டினேன். சண்டைக்கு வரட்டும் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இருக்கட்டும் மார்த்தா. ஞாயித்துக்கிழமை மட்டும் காலி பண்ணிக் குடு.”

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். ஞாயிறு வந்தால் வெங்காயம் முறத்துக்குப் போகும், பெட்டி துடைபடும், வெங்காயம் திரும்பி வரும். நடக்காத தேர்தலுக்கு எதற்கு இந்தப் பவுசு என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்.

“ஜனங்க மறக்கல மார்த்தா. பயந்துகினு இருக்காங்க. பயம் போவறதுக்கு ரொம்ப நேரம் ஆவாது. அன்னிக்குப் பெட்டி துருப்பிடிச்சிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?”

இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை குரூப்பில் செய்தி வந்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பொதுக்குழு. ஒரே தீர்மானம்: பன்னீர்செல்வம் இனி நிரந்தரத் தலைவர், தேர்தல் என்ற தொந்தரவே கிடையாது. கைதூக்கி ஓட்டெடுப்பு. எங்கள் ஊரில் கான்ட்ராக்டில் இருக்கிறவர்கள் பர்மனன்ட் ஆவதற்கு வருஷக்கணக்கில் தவம் கிடக்கிறார்கள். இவர் தன் ஆர்டரைத் தானே டைப் அடித்துக்கொண்டார்.

பெனடிக்ட் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

“எல்லாரும் பாக்கறப்ப கை தூக்குன்னா, எதுத்து யாரு தூக்குவாங்க? பெட்டிய நீயே வச்சிக்க மார்த்தா. ஞாயித்துக்கிழமை காலி பண்ண வேணாம்” என்றார்.

இத்தனை நாள் அந்த மனுஷனின் நம்பிக்கையைக் கிண்டல் செய்தே பொழுது போனது. அது இல்லாத அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பன்னீர்செல்வமே வீட்டுக்கு வந்தார். பெனடிக்டுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். மதியம் இரண்டு மணிக்கு மைன்ஸுக்குள் போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருவார். என் அம்மா வீடு காடாம்புலியூர் என்பதால் முந்திரிக்குப் பஞ்சமில்லை. வறுத்து, காபியோடு வைத்தேன்.

“லிடியா நிச்சயத்துக்கு ஹால் கேட்டிருக்கீங்க இல்லம்மா?” என்றார். லிடியா எங்கள் ஒரே மகள்.

“ஆமாண்ணே. மாதா பொறந்தநாள் முடிஞ்ச வாரம்.”

“தாராளமா குடுத்துடலாம், நம்ம பொண்ணு. ஆனா மீட்டிங்ல பிரச்சனை வரக்கூடாது. பெனடிக்டுக்கு எப்படியும் செகண்ட் ஷிஃப்டு. ஏட்டிக்குப் போட்டி பேசற அந்த பேட்ச் பூரா மைன்ஸுல இருக்கிற நேரமாப் பாத்துத்தான் வச்சிருக்கேன். நீங்க யார்கிட்டயும் அந்தப் பெட்டியக் குடுத்தனுப்பாம இருந்தாப் போதும்.”

என் பெண்ணின் நல்ல காரியத்தை வைத்துப் பேரம் பேசுகிறாரே என்று எனக்கு உச்சந்தலை சூடானது. இருந்த கோபத்தில் அவர் சொன்னது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதானே ஷிஃப்ட் மாறும்! அன்றைக்கு பெனடிக்டின் பேட்ச் நைட் ஷிஃப்டுக்குப் போய்விடும்; சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பார்க்கிற பன்னீர்செல்வத்தின் ஆட்கள்தான் செகண்டுக்கு மாறி மைன்ஸுக்குள் இருப்பார்கள். எங்கள் பிளாக்கில் பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூட இது தெரியும். பன்னீர்செல்வம் பல வருஷமாக ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போய் சாயங்காலம் வருகிறவர், ஞாயிறு லீவு. ஷிஃப்ட் மாறும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

“இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமாண்ணே?” என்றேன்.

மறுநாள் காலையில் பெனடிக்டிடம் சொன்னபோது, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எங்களுக்குப் பயந்தா நேரம் பாத்து வச்சாரு?” என்றார். “அப்ப அவரும் பயந்துகினுதான் இருக்காரா!”

வாயில் நுரையோடு சிரித்த அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

பன்னீர்செல்வத்துக்கு யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்சவல்லியின் கணவர் மருதமுத்து அவருக்கு வலது கை மாதிரி. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“எங்க வூட்டுக்காரருக்கு மீட்டிங் அன்னிக்கு செகண்ட் ஷிஃப்டு அக்கா. தலைவர்கிட்ட சொல்லலாம்னுதான் போனாரு. அவரு மொகத்தப் பாத்துட்டு, சரிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டாராம்” என்றாள்.

யாருமே சொல்லவில்லை. அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்லும் பழக்கமே எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது.

ஞாயிறன்று நானே வெங்காயத்தை முறத்தில் கொட்டினேன். பெனடிக்ட் துடைத்தார். லிடியா எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், வாசம் போகவில்லை. போனால் போகட்டும் என்று மூன்று பேரும் பெட்டியோடு கிளம்பினோம்.

கூடம் நிரம்பியிருந்தது. பெனடிக்டின் பேட்ச் மொத்தமும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தது. மேடையில் பன்னீர்செல்வமும் கமிட்டிக்காரர்களுமாக ஏழு பேர். அவர் வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மெம்பர்ஸ் பல பேர் டூட்டியில இருக்காங்க. கூட்டத்தத் தள்ளி வைக்கலாம்” என்றார்.

“தள்ளி வைக்கறதுக்கு இது எலெக்‌ஷன் இல்லீங்களே சார்” என்றாள் எங்கள் தெருவில் இருக்கும் டீச்சர் சங்கீதா.

கூடம் சிரித்தது. அந்தக் கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! பன்னீர்செல்வம் முகத்தை இறுக்கிக்கொண்டு, தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கைதூக்கலாம் என்றார். சிரிப்பு பட்டென்று நின்றது. பெனடிக்ட் தூக்கினார். நிச்சயதார்த்தத்தை வீட்டுப் பலாமரத்தடியில் பந்தல் போட்டு நடத்திக்கொள்ளலாம் என்று நானும் தூக்கினேன். சங்கீதா தூக்கினாள். அவ்வளவுதான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெனடிக்ட் தூக்கிய கையை இறக்கவில்லை.

அப்போது பின்வரிசையில் அம்சவல்லி எழுந்தாள்.

“எனக்குக் கை தூக்கப் பயமா இருக்குங்க. பெட்டியில போடறேன். அதான் பெட்டி வந்திருக்கு இல்ல?”

இவளா பேசுகிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஆமா, பெட்டியிலயே போடலாம்” என்றது ஒரு குரல். இன்னொரு குரல், அப்புறம் கூடம் முழுக்க அதே பேச்சு. பயமாக இருக்கிறது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதும் மற்றவர்களுக்குப் பாதி பயம் போய்விட்டது.

சங்கீதா தாள்களைக் கிழித்துக் கொடுத்தாள். மேடையில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் வரிசையில் வந்து போட்டார்கள். எண்ணுவதற்குப் பெட்டியைத் திறந்ததும் முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது. தாள்களுக்கு நடுவே ஒரு வெங்காயத் தோல் வந்தது. பெனடிக்ட் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“செல்லாத ஓட்டு” என்று தனியே வைத்தார். பன்னீர்செல்வத்தாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

தீர்மானத்துக்கு ஆதரவாக விழுந்தவை நாலே ஓட்டு. பன்னீர்செல்வம் மெதுவாகத் திரும்பி, தன்னோடு மேடையில் இருந்த ஆறு பேரையும் பார்த்தார். ஆறு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெனடிக்ட் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அண்ணே, எலெக்‌ஷன்ல நீங்களும் நில்லுங்க. ஜெயிச்சா மொத மாலை என்னுதுதான்” என்றார். அன்றைக்கு நைட் ஷிஃப்டுக்கு அவர் பஸ் ஏறியது, ஏதோ சுற்றுலா போகிறவர் மாதிரி இருந்தது.

அடுத்த மாதமே தேர்தல் நடந்தது. சங்கீதா ஜெயித்தாள், பன்னீர்செல்வம் கொஞ்ச ஓட்டில் தோற்றார். லிடியாவின் நிச்சயதார்த்தம் அதே கூடத்தில் நடந்தது. பன்னீர்செல்வம் வந்து பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார். இப்போது கூட்டத்தில் அதிகமாகக் கேள்வி கேட்பவர் அவர்தான். கேட்கட்டும், கேட்பதற்குத்தானே கூட்டம்.

தேர்தல் முடிந்த மறுநாள், சங்கீதா கொடுத்த லட்டு வாயில் இருக்கும்போதே பெனடிக்ட் அவளிடம், “அடுத்த எலெக்‌ஷன் எப்பம்மா?” என்று கேட்டுவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, தேதியைக் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் பெயின்டில் எழுத வைத்தாள்.

இந்த ஞாயிறு அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். நான் பூசைக்குப் போய் வந்து, வெங்காயத்தை முறத்தில் கொட்டி, பெட்டியைத் துடைத்து, பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.