இடது கை மட்டும்

பிரியோனியின் அம்மா லினெட் அன்று காலை பள்ளி வாசலிலேயே என்னை மடக்கிவிட்டாள். இந்தப் பருவம் முடிவதற்குள் பிள்ளைக்கு விளையாட ஒரு துணையாவது கிடைக்காவிட்டால், அவளைக் கூட்டிக்கொண்டு அடிலெய்டுக்கே போய்விடப் போகிறாளாம். அங்கே காது கேளாத பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிற பள்ளி இருக்கிறது. ஆனால் புருஷனுக்குச் சூரை மீன் படகில் வேலை. அவனால் எங்கள் ஊரான போர்ட் லிங்கனை விட்டு வர முடியாது. குடும்பம் இரண்டாகிவிடும்.

"தலகாணியக் கடிச்சுக்கிட்டு அழறா. நீங்கதான் நாள் முழுக்கக் கூடவே இருக்கீங்க. எதாவது பண்ணுங்க" என்றாள்.

கூடவேதான் இருக்கிறேன். அதுதானே என் வேலை. வகுப்பில் எட்டு வயது பிரியோனியின் எதிரே உட்கார்ந்து டீச்சர் பேசுவதையெல்லாம் கைமொழியில் சொல்ல வேண்டும். மற்ற வாண்டுகளோ, அவளுக்குப் பென்சில் வேண்டுமா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் குத்துக்கல்லு மாதிரி இங்கேதானே உட்கார்ந்திருக்கிறாள், அவளையே கேளேன் என்று கடிப்பேன். மறுநாளும் என்னிடமே வந்து நிற்பார்கள்.

மைதானத்தில் இன்னும் மோசம். எங்கள் ஊரில் ஹேண்ட்பால் ஆடாத பிள்ளைக்கு இடைவேளையே கிடையாது. தரையில் நாலு கட்டம், கட்டத்துக்கு ஒருவர், உள்ளங்கையால் பந்தைத் தட்ட வேண்டும். தவறவிட்டால் அவுட், வரிசையின் வாலுக்குப் போய் நிற்க வேண்டும். முதல் கட்டத்தில் நிற்பவன் ராஜா. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவன் ஒரு விதியைக் கத்துவான். அவன் கத்தியதுதான் சட்டம். பிரியோனியின் காதில் கருவி இருக்கிறது. ஆனால் கடற்காற்று அடிக்கிற மைதானத்தில் அதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. அதனால் நான் கோட்டோரம் நின்று ராஜாவின் விதியைக் கையால் சொல்வேன். அப்படியும் அவள் உடனே அவுட். பாவம், என்ன செய்தும் பலிக்கவில்லையே என்று நொந்துபோவேன்.

அன்று ராஜாவாக நின்றவன் கூப்பர். அவன்தான் எரிச்சலோடு சொன்னான்: "மிஸ், அவ பந்தையே பாக்க மாட்டேங்குறா. உங்களத்தான் பாக்குறா. அப்புறம் எப்படி அடிப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண். அதை நான் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த ஆட்டத்தில் கைகளை மேலங்கிப் பைகளுக்குள் திணித்துக்கொண்டேன். கூப்பர் "இடது கை மட்டும்" என்று கத்தினான். பிரியோனி என்னைப் பார்த்தாள். கை இல்லை. பந்து வந்தது, வலது கையால் தட்டினாள், அவுட். வரிசை சுற்றி மறுபடி வந்தாள், மறுபடி அவுட். நேரே என்னிடம் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நான் பைக்குள்ளேயே விரல்களை இறுக்கிக்கொண்டேன்.

"நீங்களுமா?" என்று கைகளால் கேட்டாள்.

பதில் சொல்லக் கை வேண்டுமே.

அவள் திரும்பி ஓடி, பந்தைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆட்டம் நின்றது. எல்லாரும் என் பக்கம் திரும்பி, பந்தைக் கொடுக்கச் சொல்லுங்கள் மிஸ் என்றார்கள்.

"நீங்களே அவகிட்ட பேசிக்கோங்க" என்றேன்.

கூப்பர் அவள் காதருகே போய்க் கத்தினான். அவள் அவனைப் பிடித்துத் தள்ளினாள். அடிதடியானால் நாளைக்கே லினெட் பெட்டியைக் கட்டிவிடுவாள். ஓடிப்போய் விலக்கத் துடித்த காலை எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. பிரியோனி அவன் வாயைக் காட்டி, அது வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு அவன் கைகளைக் காட்டினாள். அவன் விழித்தான். மணி அடித்துவிடும் என்று வரிசை முழுக்க அவனைத் திட்டியது. கடைசியில் வேண்டாவெறுப்பாக இடது கையைத் தூக்கிக் காட்டி, வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவள் பந்தைக் கொடுத்தாள்.

முதல் பந்தை இடது கையால் தட்டினாள். அடுத்ததைக் கூப்பர் மூலையில் போட்டான், அவுட். காலை உதைத்துக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போனாள், எல்லாப் பிள்ளைகளையும் போல.

சாயங்காலம் வாசலில் அம்மாவைக் கண்டதும் பிரியோனியின் கைகள் பறந்தன. கூப்பர் பெரிய ஏமாற்றுக்காரன், கோட்டை மிதித்தான், நாளைக்கு அவனை அவுட்டாக்காமல் விடப்போவதில்லையாம். லினெட் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கூப்பர்னு நெஜமாவே ஒரு பையன் இருக்கானா?" என்று நம்ப முடியாமல் என்னைக் கேட்டாள். இருக்கிறான் என்றேன்.

பிறகு பிரியோனியின் முன்னால் மண்டியிட்டேன். ஏன் கையை மறைத்தேன் என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும். கைகளைத் தூக்கினேன்.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள், கோபத்தில் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளையைப் போல.