பிரஸ்ஸுக்கு ஆள்

விடியும் முன்பே அமிலத் தொட்டியில் கை விட்டாக வேண்டும். கன்டோன்மென்ட்டில் பேண்டு வாத்தியங்கள் செய்யும் டெஸ்மண்ட் துரையின் பட்டறையில் எங்கள் நாள் அப்படித்தான் தொடங்கும். உலையில் காய்ச்சிய பித்தளையில் படிந்த கரியைக் கழுவிக் கழுவி நோயலின் விரல்கள் பச்சையாகிவிட்டன. முன்பெல்லாம் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டியே டிரம்பெட்டின் அகன்ற வாயை விரித்தெடுத்தவன் அவன். சீமையிலிருந்து, தகட்டை ஒரே அழுத்தில் விரிக்கும் பிரஸ் எந்திரம் வந்தது. நாலு பேர் வேலையை விழுங்கியது. நோயலைப் பாதிக் கூலிக்குத் தொட்டிக்கு விரட்டினார்கள்.

பிரஸ்ஸை ஓட்டியவன் ரெமிஜியஸ். தன் சோற்றைப் பிடுங்கியவன் இவன்தான் என்று நோயலுக்கு வயிற்றெரிச்சல். அவனோடு முகம் கொடுத்துப் பேசி மாதக் கணக்காகிறது.

பட்டாளத்து ஆர்டர் அவசரம் என்று போன வாரம் துரை பிரஸ்ஸின் முன்னால் கையைக் காக்க இருந்த தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னார். இன்று காலை, கோணலாய் நின்ற தகட்டை ரெமிஜியஸ் நேராக்கும்போது மேலச்சு இறங்கிவிட்டது. இடது கையில் நாலு விரல் போயிற்று. துரை, பாவி மனிதர், அவனை ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு பிரஸ்ஸைத் துடைக்கச் சொன்னார்.

“நோயல், இனிமே நீ ஓட்டு. முழுக் கூலி.”

நோயல் வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது. ஒப்புக்கொள்வான் என்றே நினைத்தோம். பிரஸ் வரைக்கும் போனான். அச்சின் ஓரத்தில் இன்னும் ரத்தம் காயவில்லை.

“மொதல்ல கம்பிய மாட்டுங்க தொரை.”

“மாட்டினா வேலை பாதியாப் போயிடும்.”

“ரெமிஜியஸ்?”

“கையில்லாதவனுக்கு இங்க என்னா வேலை?”

“வலது கை இருக்குது. வாயும் இருக்குது. செஞ்சு முடிச்சத ஊதிப் பாக்கிற வேலைய அவனுக்குக் குடுங்க.”

“நான் என்ன சத்திரமா நடத்துறேன்? ஓட்டுறியா இல்லியா?”

“மாட்டேன்.”

துரை உலைக்கார ஓஸ்வால்டைக் கூப்பிட்டார். இணைப்புகளைப் பற்றவைக்கும் தியோடரைக் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. பயம் எல்லாருக்கும் இருந்தது. எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. ஓஸ்வால்ட் உலையை அணைத்தார். எல்லாரும் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தோம்.

“சாயங்காலத்துக்குள்ள வேற ஆளுங்களக் கூட்டியாந்துடுவேன்” என்றார் துரை.

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். நோயல் எங்களை நெருக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான்.

“கூட்டியாங்க தொரை. எங்களத் தாண்டித்தான உள்ள போவணும். ரெமிஜியஸுக்கு நடந்தத அவங்ககிட்டயும் சொல்றோம்.”