மூன்று மாணிக்கக் கால்

கணவன் நகைக்கடையில் வைரம் விற்பவன். மனைவி ஆய்வகத்தில் வைரம் உடைப்பவள். "நல்ல பொருத்தம்தான்!" என்று நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த வருஷம் ஆய்வகத்தில் இரண்டு ஜோடி வைரங்கள் உடைந்துபோய்விட்டன. மூன்றாவதைக் கொடுத்த துறைத்தலைவர், "இதுவும் போச்சுன்னா வேற வேலை பாத்துக்கங்கம்மா" என்று புன்னகையோடுதான் சொன்னார். புன்னகையோடு சொல்லும் விலையில் பேரம் கிடையாது.

இரண்டு வைர முனைகளுக்கு நடுவே, ஊசிக்கண்ணைவிடச் சிறிய குழியில், பிளாட்டின நானோ தூளையும் நைட்ரஜனையும் அடைத்து நெருக்க வேண்டும். இரண்டுமே பெரிய இடத்துப் பிள்ளைகள். லேசில் யாரோடும் ஒட்டாதவை. காற்றழுத்தத்தைப் போல ஐந்து லட்சம் மடங்கு நெருக்கி, லேசரால் சுட்டால்தான் வழிக்கு வரும்.

நெருக்கியாயிற்று. லேசர் பட்டும் தூள் சிவக்கவில்லை.

"அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாப்போமா மேடம்?" என்றார் இயந்திரப் பகுதிக்காரர். திருகைத் தவிர எதையும் நம்பாததால் அவருக்குத் திருகாணி என்று பெயர்.

"ஏத்தினா வைரம் போயிரும்ணே."

"ஏத்தலன்னா?"

"நான் போயிருவேன்."

போன் அடித்தது. கணவன்.

"டப்பா மாறிப்போச்சு. உன் சாப்பாடு இங்க இருக்கு."

"சாப்பிட்டுருங்க. இங்க தூளு சூடாகவே மாட்டேங்குது."

"இரு, ஒருத்தர் கல்லு கொண்டாந்திருக்காரு. சூட்டுப் பேனா வச்சுப் பாத்துடறேன்... ம், சூட்டை அப்படியே முழுங்குது. அசல் வைரம்தான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மைக்ராஸ்கோப்பில் மேலிருந்து பார்த்தபோது தூள் நட்டநடுவில் அழகாக மிதந்தது. உண்மையில் கீழ்வைரத்தில் ஒட்டிக்கொண்டு, வாங்கிய சூட்டையெல்லாம் அதற்கே தாரைவார்த்துக்கொண்டிருந்தது. வைரம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பது, மாணவர்களுக்கு முதல் நாளே அவள் நடத்தும் பாடம்!

"இறக்குங்கண்ணே. பிரிச்சு மறுபடி அடைப்போம்."

"இறக்கறப்பதான் மேடம் நிறைய உடையும்."

"தெரியும். எதிரெதிர் திருகா, கொஞ்சம் கொஞ்சமா."

இரண்டு மணி நேரம் இருவரும் மூச்சைக்கூடச் சிக்கனமாகவே விட்டார்கள். வைரம் தப்பியது. அழுத்தம் அளக்க வைத்திருந்த மாணிக்கத் துகள்களில் மூன்றைக் கால்களாக நட்டு, வைரத்தைத் தொடாதபடி அவற்றின்மேல் புதுத் தூளை உட்கார வைத்தாள்.

மறுநாள் லேசர் பட்டதும் தூள் சிவந்தது, வெளுத்தது. அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகும், வெறும் பிளாட்டினம் தராத முகடுகள், தூளில் பட்டுத் திரும்பிய ஒளியின் வரைபடத்தில் அசையாமல் நின்றன. இரண்டும் ஒட்டிப் பிறந்த நைட்ரைடு பிழைத்துக்கொண்டது.

துறைத்தலைவர் வந்து முதலில் வைரங்களைப் பார்த்தார், பிறகு வரைபடத்தை. இந்த முறை புன்னகையே இல்லை.

"அடுத்து நைட்ரஜனோட இரிடியமாம்மா?"

பேரத்துக்கு இடம் விழுந்துவிட்டது.

"செய்யலாம் சார். இன்னும் ரெண்டு ஜோடி வேணும்."

"ஒண்ணு."

திருகாணி அதற்குள் திருகுகளைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.